ஒரே பேரில் இரண்டு குருவிகள்

அந்தக் காலத்தில் மனிதருக்கும் மற்ற உயிர்களுக்கும் ஒரே பேச்சுதான் இருந்தது. யானைமுதுகு மலையில் ஏறுகிற ஆள் வழியில் ஒரு கீரியைப் பார்த்து, "மேலே மழையா?" என்று கேட்டால், கீரி நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போகும்.

அந்த மலையின் இடுப்பில் மேல்புல்லூர் என்று ஓர் ஊர். ஊரைச் சுற்றிச் சாமையும் தினையும் விளையும் வயல்கள். வயலுக்கு மேலே மலையுச்சி வரைக்கும் ஆள் மார்பளவு வளர்ந்த புல். புல்லைத் தவிர அங்கே வேறு எதுவும் கிடையாது. மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் சோலை.

மாசி மாதம் வந்தால் ஊரார் அந்தப் புல்லுக்குத் தீ வைப்பார்கள். காய்ந்த புல் எரிந்துபோனால்தான் அடுத்த மழைக்கு மாடுகள் தின்ன இளம்புல் முளைக்கும். ஒரு வருஷம் அந்தத் தீயில் ஒரு வகைத் தவளை முழுசாக அழிந்துபோனது. அது என்ன நிறம், எப்படிக் கத்தும் என்றுகூடப் பிறகு யாருக்கும் நினைவில்லை. மலையில் இருந்த உயிர்களெல்லாம் இறங்கி வந்து ஊர் நடுவில் உட்கார்ந்துகொண்டன. மூன்று நாள் நகரவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. தீ வைப்பதற்கு முந்தின நாள் எல்லா உயிர்களும் சப்பட்டைப் பாறைக்கு வர வேண்டும். ஊர் அவற்றை எண்ணும். எந்த இனமாவது பத்துக்குக் கீழே இருந்தால், அந்த இனம் இருக்கிற இடத்துக்கு அந்த வருஷம் தீ கிடையாது.

எண்ணுகிற வேலை வெள்ளச்சியிடம் வந்தது. அவளுக்கு அப்படி ஒரு கண். மலை உச்சியில் ஓடுகிற மானுக்குக் காது கிழிந்திருந்தால் வாசலில் இருந்தே சொல்லிவிடுவாள். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு சட்டி வைத்திருந்தாள். வருகிற ஒவ்வொன்றுக்கும் ஓர் அவரை விதை சட்டியில் விழும்.

பன்றி வரும், ஒரு விதை. காட்டுக்கோழி வரும், ஒரு விதை. சிக்கல் இல்லாத வேலை.

பிறகு தவிட்டு நிறத்தில், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக, கண்ணுக்கு மேல் வெள்ளையாக ஒரு கோடு இழுத்த குருவிகள் வரும்.

"உன் பேரென்ன?"

"கதிர்க்குருவி."

ஒரு விதை.

"உன் பேரு?"

"கதிர்க்குருவிங்க அக்கா."

இன்னொரு விதை. அந்தச் சட்டி மட்டும் ஒவ்வொரு வருஷமும் நிறைந்து வழியும். வயல் பெருகப் பெருகக் கதிர்க்குருவியும் பெருகியது. "கதிர்க்குருவிக்கு என்ன குறை?" என்று ஊரார் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அது தப்பாக இருந்தது. எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

மலையின் உச்சிப் புல்லில் தவிடன் என்று ஒரு குருவி இருந்தான். அவனும் வருஷா வருஷம் பாறைக்கு வந்து, "கதிர்க்குருவி" என்று சொல்லிவிட்டுப் போகிறவன்தான். அவன் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். கீழே வயலில் இருக்கிற கதிர்க்குருவிகளைப் பார்த்தால் தன்னைத் தண்ணீரில் பார்த்ததுபோலத்தான் இருக்கும். அதே தவிட்டு நிறம். அதே வெள்ளைக் கோடு. அவன் வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஆனால் அவனுக்கு ஒரு குறை இருந்தது. அவன் பாடினால் யாரும் வருவதில்லை.

குஞ்சாக இருந்தபோது உச்சிப் புல்லில் அவனைப்போலப் பாடுகிற குருவிகள் நிறைய இருந்தன. ஒவ்வொரு தீக்குப் பிறகும் பாட்டு குறைந்தது. ஒரு மாசியில் பக்கத்துச் சரிவு அமைதியாயிற்று. அடுத்த மாசியில் எதிர்ச் சரிவு. இப்போது பொழுது விடிந்ததும் அவன் ஒரு தண்டில் ஏறி, "சிக்-சுவீ... சிக்-சுவீ..." என்று பாடுவான். காற்றுதான் வரும். இல்லாவிட்டால் வயலில் இருந்து ஏதாவது ஒரு கதிர்க்குருவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போகும்.

அப்படி எட்டிப் பார்க்க வந்தவள்தான் உமிச்சி. வயல் வரப்பில் பிறந்தவள். வாய் ஓயாதவள்.

"என்ன பாட்டு இது? தொண்டையில ஏதாச்சும் சிக்கிருச்சா?" என்று கேட்டாள்.

"இல்லை. எப்பவும் பாடுறதுதான்."

"நம்ம பாட்டு இப்படி இல்லையே. இப்படி." அவள் தண்டின் நுனியில் நின்று, "ட்லிக் ட்லிக் ட்லிக் ட்லிக்" என்று மூச்சு விடாமல் பாடிக் காட்டினாள். "இவ்வளவுதான். இழுக்கக் கூடாது. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அப்பா."

"அவருக்கும் தப்பா வந்திருக்கும் போல" என்றாள் உமிச்சி, ரொம்ப இரக்கத்தோடு.

தவிடனுக்கு அது சரியென்று பட்டது. இத்தனை நாள் யாரும் வராததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். வயல் முழுக்க ஆயிரம் கதிர்க்குருவிகள் ஒரு மாதிரி பாடும்போது, தான் மட்டும் வேறு மாதிரி பாடினால் தப்பு யாரிடம்? அவன் அன்றைக்கே தன் பாட்டை விட்டான். "ட்லிக் ட்லிக்" என்று பழகினான். அது அவன் தொண்டையில் பாதி வந்தது, பாதி வரவில்லை.

உமிச்சி அவனைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். "சேர்ந்து இருந்து பார்ப்போமே. உனக்கும் யாரும் இல்லை, எனக்கும் இந்த வருஷம் யாரும் அமையலை" என்றாள்.

வயலில் எல்லாருக்கும் எல்லாம் எளிதாக இருந்தது. உமிச்சி வேலியில் உட்காருவாள், அவரைக் கொடியில் உட்காருவாள், வீட்டுக் கூரையில் உட்காருவாள். தவிடனுக்கு எங்கே உட்கார்ந்தாலும் மேலே இருந்து யாரோ பார்ப்பதுபோலவே இருக்கும். புல்லுக்குள் ஒளியக் கால் பரபரக்கும். ஒளிவதற்கு அங்கே புல் இல்லை. தினைத் தாள்களுக்கு நடுவே ஓடிப் பார்த்தான். தாளுக்கும் தாளுக்கும் நடுவில் வெளிச்சம்.

கூடு கட்டுகிற நாள் வந்தது. உமிச்சி இரண்டு தினைத் தாள்களைச் சேர்த்து, நார் கொண்டு, நீளப் பைபோல ஒன்று பின்ன ஆரம்பித்தாள். தவிடன் தரைக்குப் பக்கத்தில், ஒரு புல் குத்துக்குள், காய்ந்த இலைகளை உருண்டையாகத் திணித்துக்கொண்டிருந்தான்.

"எங்க போயிட்ட?"

"கூடு கட்டுறேன்."

"நான்தான் இங்க கட்டுறேனே!"

"அது கூடா?"

இருவரும் மாறி மாறி ஒருவர் கூட்டை ஒருவர் பார்த்தார்கள். உமிச்சி அவன் உருண்டைக்குள் தலையை விட்டாள். மூச்சு முட்டுவதுபோல இருந்ததால் வெளியே வந்துவிட்டாள். தவிடன் அவள் பையில் இறங்கினான். காற்று அடித்தபோது பை ஆடியது. அவன் பயந்துபோய் வெளியே குதித்தான். அன்று முழுக்க இருவரும் தனித்தனியாக இரை தேடினார்கள். கோபத்தால் இல்லை. என்ன கேட்பது என்றே இருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பாறையில் எண்ணிக்கை. தவிடன், "கதிர்க்குருவி" என்று சொன்னான். சட்டியில் விதை விழுந்தது. அன்று மாலை உமிச்சி அவனிடம், "வா, வெள்ளச்சி அக்காகிட்டயே போய்க் கேட்போம். அவங்க கண்ணுக்குத் தப்பினது எதுவும் இல்லை. உனக்கு என்ன கோளாறுன்னு சொல்லிருவாங்க" என்றாள்.

வெள்ளச்சி வாசலில் உட்கார்ந்து, மறுநாள் தீ வைக்கப் போகிறவர்களுக்காகச் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் காடன் பக்கத்தில் பந்தத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். ஊரில் முதல் தீயை வைப்பவன் அவன்தான்.

"அக்கா, எங்களை நல்லாப் பாருங்க. இவனுக்கு என்ன குறை?" என்று கேட்டாள் உமிச்சி.

வெள்ளச்சி முறத்தைக் கீழே வைத்தாள். இரண்டு குருவிகளையும் பார்த்தாள். "ஒரு குறையும் இல்லையே. ரெண்டு பேரும் ஒரே வார்ப்பு."

"இவன் பாடுறது வேற மாதிரி. கட்டுறது வேற மாதிரி. வயல்ல இவனுக்குத் தூக்கம் வரலை."

"எவன்? நீயா, அவனா?"

"அவன்தான் அக்கா. இங்க இருக்கான் பாருங்க."

"நீதானே இந்தப் பக்கம் இருந்த?"

"நான் இப்பத்தான் இந்தப் பக்கம் வந்தேன்."

வெள்ளச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். தவிடனின் வால் கொஞ்சம் அகலமோ? இல்லை, அவன் வாலை விரித்திருந்தானோ? உமிச்சியும் வாலை விரித்ததும் அதுவும் போயிற்று. "ஒரு தடவை இடம் மாறுங்க" என்றாள். மாறினார்கள். "இப்ப இதுதான் தவிடன்" என்று விரல் நீட்டினாள்.

"நான் உமிச்சி அக்கா."

காடன் சிரித்துவிட்டான். வெள்ளச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. மானின் கிழிந்த காதைப் பார்த்த கண். இரண்டு குருவிகள் முகத்துக்கு நேரே நிற்கின்றன, எது எது என்று சொல்ல முடியவில்லை.

"உன் பழைய பாட்டைப் பாடு" என்றாள்.

தவிடன் வெட்கப்பட்டுக்கொண்டே, "சிக்-சுவீ..." என்று இழுத்தான்.

"பாட்டு வேறதான்" என்றாள் வெள்ளச்சி.

"பாட்டு வேறன்னா ஆளும் வேறயா?" என்றான் காடன். "எங்க அண்ணன் தாலாட்டுப் பாடினா ஒப்பாரி மாதிரி இருக்கும். அதுக்காக அவன் வேற சாதியா? ஒரே குருவிதான் புள்ள. ஒண்ணு கொஞ்சம் மந்தம். நீ எண்ணுனது சரி. சட்டி நிறைஞ்சு கிடக்குது. நாளைக்குத் தீ."

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. வெள்ளச்சி தலையாட்டினாள். ஆனால் முறத்தை மறுபடி எடுத்தபோது உமியை வைத்துக்கொண்டு சாமையைக் கொட்டிவிட்டாள்.

தீ வைக்கிற நாளில் ஒரு முறை உண்டு. எண்ணுகிறவள் விடிந்ததும் உச்சிக்குப் போவாள். மாடு, ஆள் யாரும் புல்லுக்குள் இல்லை என்று பார்த்துவிட்டு, மேலே இருந்து ஒரு குரல் கொடுப்பாள். சரிவு நீளம், சொல் கேட்காது, குரல் மட்டும் கேட்கும். அந்தக் குரல் கேட்டதும் கீழே பந்தம் புல்லைத் தொடும்.

வெள்ளச்சி அன்று வழக்கத்துக்கு முன்னாலேயே ஏறினாள். தவிடனையும் உமிச்சியையும் வரச் சொல்லியிருந்தாள். உச்சியில் புல் பனியில் நனைந்து சாய்ந்திருந்தது. அவள் நாலு பக்கமும் பார்த்தாள். அங்கங்கே தண்டுகளில் தவிட்டு நிறக் குருவிகள். வயலில் இருந்து இரை தேடி வந்தவையா, இங்கேயே இருப்பவையா? பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

"இந்தக் கண்ணை நம்பித்தானே மோசம் போனேன்" என்று சொல்லிவிட்டு, அவள் புல்லில் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "தவிடா, பாடு. உங்கப்பா சொல்லிக் குடுத்த மாதிரி பாடு."

தவிடன் பாடினான். முதலில் குரல் எழும்பவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. நடுவில் வயல்காட்டு 'ட்லிக்' ஒன்று வந்து விழுந்தது. நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். "சிக்-சுவீ... சிக்-சுவீ..."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு புல்லுக்குள், ரொம்பக் கீழே இருந்து ஒரு குரல்: "சிக்-சுவீ."

தவிடனின் கால் தண்டில் நழுவியது. இடது பக்கம் இன்னொன்று. பாறைக்குப் பின்னால் ஒன்று. தூரத்தில், சோலை ஓரத்தில் ஒன்று. வெள்ளச்சி கண்ணைத் திறக்காமல் விரல் மடக்கினாள். தவிடனோடு சேர்த்து ஐந்து.

முதலில் பதில் சொன்ன பெட்டை புல் குத்துக்குள் இருந்து பேசினாள். "நீயா? பக்கத்துச் சரிவுல இருந்தவனா? வயல் பாட்டுப் பாடிட்டுத் திரிஞ்சியே. யாரோ வயல்காரன்னு நினைச்சு நான் வாயே திறக்கலை."

"யாருமே இல்லைன்னு நினைச்சேன்" என்றான் தவிடன்.

"நானும்தான். துணை இருந்த வரைக்கும் வேற பாட்டுக்கு நான் காது குடுக்கலை. போன வாரம் அவனைக் கழுகு தூக்கிருச்சு. மூணு முட்டை இருக்கு. தனியாத்தான் அடை காக்குறேன்."

இத்தனை வருஷம் இந்த ஐந்தையும் அந்த ஆயிரத்தோடு ஒரே சட்டியில் போட்டிருக்கிறாள் வெள்ளச்சி. முன்பு எத்தனை இருந்ததோ, எந்தெந்தச் சரிவில் இருந்ததோ, அவளுக்குத் தெரியாது. அவள் எண்ணியதே இல்லை. எண்ணியதாக நினைத்திருக்கிறாள். பத்துக்குக் கீழே! உச்சிக்குத் தீ கூடாது!

அவள் எழுந்தாள். கீழே காடன் பந்தத்தோடு நிற்பது புள்ளியாகத் தெரிந்தது. பதற்றத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"வைக்காதீங்க! மாமா, தீ வைக்காதீங்க!"

கடைசிச் சொல் வாயை விட்டுப் போகும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன செய்ய?

கீழே காடன் குரலைக் கேட்டான். வருஷா வருஷம் கேட்கிற குரல். இந்த வருஷம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டது. குனிந்து பந்தத்தைப் புல்லில் வைத்தான்.

"நான் பறந்து போய்ச் சொல்லியிருப்பேனே அக்கா!" என்று அலறினாள் உமிச்சி.

"போ, இப்பவாவது போ!"

உமிச்சி கல்லெறிந்ததுபோலக் கீழே பாய்ந்தாள். காடனின் தோளில் மோதினாள். "வைக்காதீங்கன்னுதான் கத்துனாங்க! வைக்காதீங்கன்னு!"

"கத்துனாளே, அதான் வச்சேன்!"

"கத்துனது வேண்டாம்னு! மேல அஞ்சு பேரு இருக்காங்க. அவங்க நாங்க இல்லை. வேற!"

காடனுக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுச் சிரித்தது மட்டும் நினைவுக்கு வந்தது. மேலே பார்த்தான். மனைவி இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. அதற்குமேல் அவன் புரிந்துகொள்ளக் காத்திருக்கவில்லை. "பச்சைக் கிளை ஒடிங்கடா! அரிவாளை எடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடை வழியாக மேலே ஏறினான். பின்னால் ஊர் ஏறியது.

பனி ஈரத்தால் தீ முதலில் மெதுவாகத்தான் வந்தது. பாதி மலைக்குப் பிறகு காற்று பிடித்துக்கொண்டது. புகை மடங்கி மடங்கி உச்சியில் ஏறியது. காடன் மூச்சு வாங்க வந்து நின்று, "எந்த இடம்? எதைக் காப்பாத்தணும்? உச்சி முழுக்க முடியாது. ஒரு வீட்டளவு இடம்னா சுத்திப் புல்லை அறுத்து நிறுத்திரலாம். எங்க, சொல்லு!" என்றான்.

"இங்கதான்..." வெள்ளச்சி சுற்றும் முற்றும் பார்த்தாள். புகையில் எல்லாப் புல்லும் ஒரே புல்லாக இருந்தது. "இல்லை, பாறைக்கு அந்தப் பக்கம். இல்லையே... கண்ணை மூடிட்டு இருந்தேன் மாமா. எனக்குத் தெரியலை!"

"அம்மா குருவி, எங்க இருக்க? குரல் குடு!" என்று கூப்பிட்டாள். பெட்டை குரல் கொடுக்கவில்லை. ஆபத்து வந்தால் புல்லோடு புல்லாக அசையாமல் இருப்பதுதான் அந்த இனத்தின் வழக்கம். மற்ற மூன்றும் அப்படித்தான் அடங்கிக் கிடந்தன. தவிடனும் தரையில் ஒட்டிக் கிடந்தான். உடம்பு முழுக்க, 'அசையாதே, அசையாதே' என்றது. புல்லை விட்டு மேலே எழுவது என்றால் அவர்களுக்குச் சாவதற்குச் சமம். கழுகுக்குத் தெரியும்படி வானத்தில் நிற்க எந்தப் பைத்தியம் போகும்?

மனிதர்கள் கிளைகளோடு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் குருவியே இல்லாத ஓர் இடத்தைச் சுற்றிப் புல்லை அறுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் அவனைப் பார்த்துவிட்டு அதுதான் இடம் என்று அவனோடு சேர்ந்துகொண்டான்.

தவிடன் எழுந்தான்.

புல்லைக் கிழித்துக்கொண்டு நேர் மேலே போனான். புகைக்குள் போய், புகைக்கு மேலேயும் போனான். அங்கே வாலை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்து, தொண்டை கிழிய, "சிக்-சுவீ! சிக்-சுவீ!" என்று பாடினான். பிறகு இறக்கையை அடக்கி, விரித்த வாலோடு, பெட்டை இருந்த குத்துக்கு நேரே அப்படியே விழுந்தான்.

"என்ன பண்றான் அவன்?" என்றான் காடன்.

மறுபடி எழுந்தான். மறுபடி பாடி, அதே இடத்தில் விழுந்தான். மூன்றாவது தடவை எழுந்தபோது தீயின் நாக்கு எட்டிப் பிடித்தது. வால் இறகுகளின் ஓரம் கருகியது. அவன் அதையும் விரித்துக்கொண்டுதான் விழுந்தான்.

உமிச்சிக்கு அந்தப் பாட்டில் ஒரு சொல்கூடப் புரியாது. ஆனால் எங்கே விழுந்தான் என்று பார்த்தாள். அவள் காடனின் தலைக்கு மேல் வந்து அலகைச் சடசடவென்று அடித்தாள். "அங்க! அவன் விழுற இடம்! அங்கதான்!"

ஊரே அந்த இடத்துக்கு ஓடியது. சுற்றி வட்டமாகப் புல்லை அறுத்து வெளியே எறிந்தார்கள். பச்சைக் கிளைகளால் தீயை அடித்தார்கள். வெள்ளச்சி கிளை கிடைக்காமல் தன் சேலைத் தலைப்பை ஓடையில் நனைத்து அடித்தாள். தீ வட்டத்தின் ஓரம் வரை வந்தது. தின்ன ஒன்றும் இல்லாமல் இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய், உச்சியைத் தாண்டி அணைந்தது.

கரிய மலையின் நடுவில் ஒரு வீட்டளவு மஞ்சள் புல் மிஞ்சியது.

வெள்ளச்சி மண்டியிட்டுப் புல் குத்தை விலக்கினாள். பெட்டை முட்டைகளின் மேல் இருந்தாள். அவள் நகரவே இல்லை. பக்கத்தில் தவிடன் வாய் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பாறைக்குப் பின்னால் இருந்தவன் சூடு ஆறினதும் தத்தித் தத்தி வந்து சேர்ந்தான். மற்ற இரண்டும் வரவில்லை. அன்று மாலை வரை வெள்ளச்சி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். எதுவும் கேட்கவில்லை. அவை எரிந்தனவா, வேறு மலைக்குப் போய்விட்டனவா, யாருக்கும் தெரியாது.

"என் குரல்தான்" என்றாள் அவள்.

"என் கைதான்" என்றான் காடன்.

தவிடன் இருவரையும் பார்த்தான். அவனுக்குக் கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது. "அக்கா, அப்போ நான் தப்பாப் பாடலையா?"

"இல்லை தம்பி. சரியாத்தான் பாடின" என்றாள் வெள்ளச்சி.

"அப்பா?"

"அவரும்தான்."

"அப்போ நாங்க யாரு?" என்று கேட்டான்.

அதற்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. கருகி விரிந்து கிடந்த அவன் வாலை வெள்ளச்சி பார்த்தாள். அது மறுபடி பழையபடி ஒடுங்கவே இல்லை. "அகல்வால்" என்றாள். "அடுத்த வருஷம் பாறைக்கு வந்தா அகல்வால்னு சொல்லு. உங்களுக்குத் தனிச் சட்டி."

உமிச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு கருகிய தண்டில் உட்கார்ந்திருந்தாள். "இனி வயலுக்கு வரமாட்ட, இல்ல?" என்று கேட்டாள்.

"அங்க எனக்கு ஒளிய இடம் இல்லை உமிச்சி."

"தெரியும். உன்னைத் திருத்தணும்னு நினைச்சேன். திருத்த ஒண்ணும் இல்லாம போச்சு." அவள் தண்டில் அலகைத் தீட்டிக்கொண்டாள். பிறகு, "வர்றப்போ பாடிக்கிட்டு வா. சும்மா உட்கார்ந்திருந்தா எங்க அண்ணன்னு நினைச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு, அலகைச் சடசடத்துக்கொண்டு கீழே பறந்தாள்.

அந்த மூன்று முட்டைகளில் இரண்டு பொரித்தன. மலை மறுபடி பச்சையாக நாலு மழை பிடித்தது. வயல்காட்டுக் கதிர்க்குருவி இன்றைக்கும் வேலிக்கு வேலி இருக்கிறது. அகல்வால் குருவி உச்சிப் புல் மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு மலைகளில்தான் இருக்கிறது, அதுவும் கொஞ்சம்தான். இரண்டும் வாய் மூடிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், நல்ல கண்ணுள்ளவர்களும் எது எது என்று தெரியாமல் நின்றுவிடுவார்கள்.

அன்று முதல்தான் அகல்வால் குருவி கூடு கட்டுகிற காலத்தில் பயத்தை விட்டுப் புல்லுக்கு மேலே எழுந்து, வாலை விரித்துப் பாடிவிட்டு, தன் கூட்டுக்கு நேரே விழுகிறது; மேல்புல்லூர்க்காரர்களும் அன்று முதல்தான் புல்லில் அரிவாளையோ தீயையோ வைப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, வாய் பேசாமல், ஒரு நாழிகை நிற்கிறார்கள்.